கிளிட்டஸ் மச்சாதுவின் இடது காது

ஆட்டப் பருவம் தொடங்கும்முன் ஒவ்வொரு கூடைப்பந்து வீரரும் கண்ணாடிக் கூண்டுக்குள் மூச்சை அடக்கி நிற்க வேண்டும். தூத்துக்குடி அணியினர் வரிசையில் நின்றபடி, நேற்றுச் சாப்பிட்ட பரோட்டாவைக்கூட அது காட்டிக்கொடுக்குமா என்று ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருந்தார்கள். கூண்டு எலும்பு, நரம்பு, கண், காது எல்லாவற்றையும் அளந்து உடம்பின் நகலாக ஆளுக்கொரு உடற்படியை உருவாக்கும். அந்த உடற்படிகள் கம்ப்யூட்டருக்குள் மற்ற அணிகளின் உடற்படிகளோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆடித் தீர்க்கும். அதற்கு முன்னாட்டம் என்று பெயர்.

முன்னாட்டத்தைப் பார்த்து அணியின் வலுவையும் குறையையும் எழுதுவது எழிலரசியின் வேலை. கூடைப்பந்துச் சம்மேளனத்தின் மதிப்பீட்டாளர் அவள். அவள் குறை என்று எழுதியதைச் சம்மேளனமே சரிசெய்துவிடும். தேய்ந்த முழங்காலுக்குப் புதுக் குருத்தெலும்பு வளர்ப்பார்கள். மங்கிய கண்ணுக்குப் புது வில்லை வைப்பார்கள். அதனால் வீரர்கள் தங்கள் குறைகளை மறைப்பதில்லை.

தூத்துக்குடி அணியைப் பற்றி அவள் எழுதியது சுருக்கமானது. உயரம் போதாது. வேகம் சுமார். தூர எறிதல் நன்று. பந்தை நடத்திச் செல்லும் கிளிட்டஸ் மச்சாதுவுக்கு இடது காது கேட்காது. முன்னாட்டம் அவர்களுக்கு ஆறாம் இடம் கொடுத்தது.

பருவம் பாதி கடந்தபோது அவர்கள் முதலிடத்தில் இருந்தார்கள். முன்னாட்டம் இதற்குமுன் இவ்வளவு தவறியதில்லை என்பதால், காரணத்தைத் தேடி அவள் மறுபடியும் தூத்துக்குடிக்கு வந்தாள். பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகுதான் பிடிபட்டது. களத்தில் யாருமே கத்தவில்லை. ஷூக்களின் கிரீச்சிடலும் பந்தின் ஓசையும் மட்டும்தான் கேட்டன.

“ஏன் யாரும் பந்து கேட்டுக் கூப்பிடறதில்ல?” என்று கேப்டன் சந்தனராஜிடம் கேட்டாள்.

“கூப்பிட்டா கிளிட்டஸுக்கு எந்தப் பக்கம்னு தெரியாது மேடம். ஒத்தக் காதுல்லா? அதான் கண்ண வச்சே பேசிப் பழகிட்டோம்.”

எதிரணிக்கு ஒட்டுக்கேட்க எதுவும் கிடைக்கவில்லை. ஐந்து பேரும் எந்நேரமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உடற்படிகளுக்கு இந்தப் பழக்கம் தெரியாது. அவை கம்ப்யூட்டருக்குள் இன்னமும் கத்திக்கொண்டுதான் ஆடின. எழிலரசி அன்றைக்கே கிளிட்டஸின் இடது காதைக் குறையிலிருந்து வலுவுக்கு மாற்றி எழுதினாள். அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்பு என்று சம்மேளனம் அவளைப் பாராட்டியது.

மறுவாரம் கிளிட்டஸ் அவள் தங்கியிருந்த விடுதிக்கே வந்துவிட்டான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

“எங்காதுக்கு நரம்பு ஆபரேஷன் வாற மாசம் வச்சிருந்தாவ மேடம். இப்ப ரத்துன்னு சொல்லுதாவ.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சம்மேளன விதியின் மறுபாதி அது. வலு என்று எழுதப்பட்டதை யாரும் தொடக்கூடாது. வலுவை மேலும் மேலும் கூட்டி வீரர்களைப் பொறிகளாக்கிய காலம் ஒன்று இருந்தது. அதற்குத் தடையாக வந்த விதி. அணியோடு அவனுக்குள்ள ஒப்பந்தம் முடியும்வரை அந்தக் காது அப்படியேதான் இருந்தாக வேண்டும்.

“நான் நல்லதுன்னு நெனச்சுத்தான் எழுதினேன், கிளிட்டஸ்.”

“டீமுக்கு நல்லதுதான். எம் மவ இப்பதான் ‘ப்பா’ன்னு கூப்பிடப் படிச்சிருக்கா. அவ அடுக்களையில நின்னு கூப்பிடுவா, நான் வாசல்ல போய்த் தேடுவேன். அவளுக்கு அது வெளையாட்டு. சிரிப்பா. எனக்கு அப்படி இல்ல மேடம்.”

எழுதியதை மாற்ற ஒரே வழிதான் இருந்தது. அந்தக் காது இல்லாமலும் வலு நிற்கும் என்று நிரூபிக்க வேண்டும். கிளிட்டஸை உட்காரவைத்து ஒரு பயிற்சி ஆட்டம் நடத்தும்படி பயிற்சியாளர் வைரமணியிடம் கேட்டாள்.

“நம்ம கோப்பையே அவன் காதுலதாம்மா இருக்கு. அத நானே கொண்டுபோய்க் குடுக்கணுமா?” என்றார் அவர்.

சந்தனராஜ்தான் குறுக்கிட்டான். “சார், நாங்க ஆடுதோம். அவன் பிள்ள கூப்பிடுதது அவனுக்குக் கேக்கணும்லா?”

வைரமணி விசிலை எடுத்து ஊதினார். கிளிட்டஸ் பெஞ்சில் இருந்தான். இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் ஐந்து பேர் ஆடினார்கள். அப்போதும் ஒருவர்கூடக் கத்தவில்லை. வலு அவன் காதில் இல்லை, மற்றவர்களின் கண்களில் இருக்கிறது என்று எழிலரசி எழுதினாள். சம்மேளனம் ஒத்துக்கொண்டது. ஆனால் அவள் தவறாக மதிப்பிட்டவள் என்ற குறிப்பையும் அவள் பெயரோடு சேர்த்துக்கொண்டது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அதன்பின் கிளிட்டஸ் இறங்கிய முதல் ஆட்டம் அரையிறுதி. அரங்கம் நிறைந்திருந்தது. எழிலரசி களத்தோரமாகவே உட்கார்ந்திருந்தாள். மற்ற நால்வரும் எப்போதும்போலக் கண்ணால்தான் பேசினார்கள். கிளிட்டஸோ ஒவ்வொரு கூச்சலுக்கும் திரும்பினான். இடப்பக்கம் யாரோ முறுக்கு விற்கும் குரலுக்குக்கூடத் திரும்பினான். சந்தனராஜ் வெறும் கையோடு கூடைக்கடியில் காத்துக்கொண்டிருக்க, பந்து வெளியே உருண்டோடியது. அப்படி ஒருமுறை அல்ல, பலமுறை நடந்தது. தூத்துக்குடி தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் அவள் உடைமாற்றும் அறை வாசல்வரை போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். உள்ளே பெஞ்சில் கிளிட்டஸ் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. சந்தனராஜ் போய் அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல், தனக்குத்தானே சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான்.

“தோத்துட்டோம்லே.”

கிளிட்டஸ் துண்டை விலக்கினான். தேடாமல், சரியாக அந்தப் பக்கமே திரும்பினான்.

“கேக்குதுலே” என்றான்.