காலிக் கட்டம்

தொலைபேசி அலறியது!

காலை மணி பத்து பத்து. கொள்முதல் மேலாளர் அன்றைய நாற்பத்தோராவது கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட்டுகளைப் பொருத்திப் பராமரிக்கும் அந்த நிறுவனத்தில் ஓர் ஆணி வாங்குவதென்றாலும் அவருடைய கையெழுத்து வேண்டும். ஆகையால் அலுவலகம் முழுவதும் அவருக்கு ஒரே பெயர்தான்... கையெழுத்தம்மா!

இடக்கை ரிசீவரை எடுத்தது. வலக்கை கையெழுத்தை நிறுத்தவில்லை.

"சொல்லுங்க..."

"அக்கா..."

தம்பியின் குரல். அவன் அதே நிறுவனத்தின் தலைமை மெக்கானிக். மூச்சு வாங்கினான்.

"அக்கா... பல் டாக்டர் செத்துட்டாருக்கா!"

"எந்தப் பல் டாக்டர்டா?"

"ஆறு மாடிக் கட்டடத்துல கிளினிக் வெச்சிருந்தாரே... நம்ம லிஃப்ட்லக்கா!"

"ஐயையோ... லிஃப்ட் விழுந்துடுச்சா?"

"விழலக்கா... மேல போயிடுச்சு!"

பேனா நின்றது.

லிஃப்ட்டின் மறுபக்கம் ஓர் எடைக்கட்டை தொங்கும். உள்ளே ஆள் குறைவாக இருந்தால் அந்த எடையே கனம். அப்போது பிரேக் பிடிக்காவிட்டால் லிஃப்ட் கீழே வராது... மேலே பாயும்! தனியாளாக ஏறிய பல் டாக்டரைச் சுமந்துகொண்டு அது உச்சிக் கூரையில் போய் மோதியிருந்தது.

"பிரேக் கட்டை நீ மாத்தினதுதானே?"

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி. புதுக் கட்டைதான்க்கா. நான் சரியா மாட்டலன்னு போலீஸ் சொல்றாங்க. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க..."

"டேய், வாயைத் திறக்காத. நான் வர்றேன்."

"வேண்டாம்க்கா! நீ எதையும் கிளறாத. கவனக்குறைவுன்னுதான் கேஸு. நான் ஒத்துக்கறேன். நீ உன் வேலையைப் பாரு..."

தொடர்பு அறுந்தது.

கையெழுத்தம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டார். முப்பத்தொரு வருடப் பணி. அதில் பாதி வருடங்கள் அவனைப் படிக்க வைத்த வருடங்கள். காய்ச்சல் வந்தால்கூட அக்காவிடம் சொல்லாமல் மறைக்கும் பிள்ளை; இப்போது பழியையும் மறுபேச்சின்றிச் சுமக்கப் பார்க்கிறான்! தம்பி சிறைக்குப் போகாமல் தடுக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, அந்தப் பிரேக் கட்டை மட்டமான சரக்கு என்று நிரூபிப்பது.

எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது. எழுந்தார்.

"சல்லடை! இங்க வா!"

மூலை மேசையிலிருந்து ஓடி வந்தவன் நிறுவனத்தின் தரவு ஆய்வாளன். எந்தப் புள்ளிவிவரத்தைக் கொடுத்தாலும் சலித்துப் பார்த்துவிடுவான் என்பதால் அந்தப் பெயர். சரக்கு தரும் ஒவ்வொருவருக்கும் கணினியே மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தவன் அவன்தான். அதிக மதிப்பெண் யாருக்கோ, ஆர்டர் அவருக்கு. கையெழுத்தம்மாவுக்கு மிஞ்சியது கையெழுத்து மட்டும்.

"பிரேக் கட்டை யார்கிட்ட வாங்கறோம்?"

"நம்ம நம்பர் ஒன் சப்ளையர்கிட்ட மேடம். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு மார்க்!"

"மீதி ரெண்டு எங்க போச்சு?"

"கேட்ட எண்ணிக்கை தர மாட்டாங்க மேடம். நூறு கேட்டா எழுபத்தொண்ணு வரும். அதுக்காக ரெண்டு குறைச்சேன்."

"தரத்துல?"

"முழு மார்க்! பதினாலு மாசமா ஒரு கட்டைகூட ரிஜெக்ட் ஆகல. சுத்தமா பூஜ்யம்!"

கையெழுத்தம்மாவின் புருவம் உயர்ந்தது.

"ஏம்ப்பா, தங்கம் வாங்கினாலே சேதாரம்னு ஒண்ணு உண்டு. இது வெறும் கட்டை. பூஜ்யமா? ஸ்டோர்ல எழுதின மூலப் பதிவைக் காட்டு."

சல்லடை தட்டினான். திரை நிறையக் கட்டங்கள். மற்ற சப்ளையர்களுக்கு நேரே மூன்று, பூஜ்யம், ஐந்து, ஒன்று... நம்பர் ஒன்னுக்கு நேரே...

ஒன்றுமே இல்லை!

"இது பூஜ்யம் இல்லியே. காலியா இருக்கு."

"காலின்னா பூஜ்யம்தானே மேடம்?"

"உன் தட்டு காலியா இருந்தா சாப்பிட்டாச்சுன்னு அர்த்தமா, இன்னும் போடலன்னு அர்த்தமா?"

சல்லடை விழித்தான்.

"பெருமூச்சைக் கூப்பிடு!"

பெருமூச்சு வந்தார். ஸ்டோருக்கு வரும் சரக்கைப் பரிசோதிக்கும் பெரியவர். கதவைத் திறப்பதற்கு ஒன்று, மூடுவதற்கு ஒன்று என்று பெருமூச்சு விடுபவர்.

"இந்தக் கட்டமெல்லாம் ஏன் காலியா இருக்கு?"

"பாக்காததை எப்படிம்மா எழுதறது? குறை இருந்தா எத்தனைன்னு போடுவேன். குறையே இல்லன்னா பூஜ்யம் போடுவேன். பாக்கவே இல்லன்னா காலியா விட்டுடுவேன். பொய் எழுதிப் பழக்கமில்லம்மா."

"பதினாலு மாசமா இவங்க சரக்கைப் பாக்கவே இல்லியா?"

"பெட்டி வந்து இறங்கின உடனே அவசரம்னு தூக்கிட்டுப் போயிடறாங்க. மேலிடத்து உத்தரவுன்னாங்க. மேலிடம்னா நான் யாரும்மா கேக்க..."

மூன்றாவது பெருமூச்சு!

சல்லடையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"மேடம்... என் புரோகிராம் காலியை எல்லாம் பூஜ்யம்னு படிச்சிருக்கு! பரிசோதனையே பண்ணாத சப்ளையருக்கு..."

"முதல் மார்க்! பரீட்சைக்கே வராதவன் வகுப்புல ஃபர்ஸ்ட்!"

"அதனால அடுத்த ஆர்டரும் அவங்களுக்கே... அதுக்கடுத்ததும்..."

"அந்தப் பெரியவர் ஒழுங்கா இருந்தது உன் கம்ப்யூட்டருக்குப் புரியல. சரி, இன்னும் மாட்டாம மீதி இருக்கற ஒரு புதுப் பெட்டியை எடுத்துட்டு வந்து பிரிங்க."

பெட்டி பிரிந்தது. கட்டை கருகருவென்று பளபளத்தது. கையெழுத்தம்மா மோதிர விளிம்பால் ஓரத்தைச் சுரண்டினார்.

சாயம் உரிந்தது! உள்ளே சாம்பல் நிறம். ஒரு பக்கம் தேய்ந்து, எண்ணெய் குடித்து, வழவழவென்று...

"இது புதுசே இல்லம்மா!" பெருமூச்சு விட மறந்தார் பெருமூச்சு.

"சல்லடை, இந்தக் கட்டை மொத்தம் எத்தனை லிஃப்ட்ல இருக்கு?"

"முந்நூத்துப் பன்னெண்டு மேடம்..."

"அத்தனையையும் நிறுத்தச் சொல்லு. இப்பவே!"

"ஜனங்க திட்டுவாங்களே..."

"படி ஏறிட்டே திட்டட்டும். திட்டறதுக்கு உயிரோட இருப்பாங்கல்ல?"

சல்லடை போனை வைத்துவிட்டு வரும்போது மணி பதினொன்றரை. கையெழுத்தம்மா ஒரு துண்டுத்தாளில் எண்களை எழுதிவைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

"எழுபத்தொண்ணு... அம்பத்தெட்டு... எண்பத்து மூணு... கட்டை செய்யறவன் பெட்டிக்கு இருபதுன்னு அனுப்புவான். இது என்னப்பா வாயில நுழையாத எண்ணிக்கை?"

"நானும் அதை யோசிக்கல மேடம். குறைவா வந்தா மார்க்கைக் குறைக்கணும்னுதான் தோணிச்சு..."

"இதே எண்ணிக்கை நம்ம பதிவுகள்ல வேற எங்கயாவது இருக்கா? சலிச்சுப் பாரு."

விசைப்பலகை படபடத்தது. ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

"மேடம்!"

சல்லடை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"ஸ்கிராப் பதிவேடு! தேஞ்சு போச்சுன்னு லிஃப்ட்லேருந்து கழட்டி வெளிய அனுப்பின பழைய கட்டை... போன மாசம் எழுபத்தொண்ணு போச்சு. இந்த மாசம் புதுசுன்னு எழுபத்தொண்ணு வந்தது! அதுக்கு முந்தின மாசம் அம்பத்தெட்டு போச்சு, அம்பத்தெட்டு வந்தது! பதினாலு மாசமும் ஒண்ணுகூட மாறல!"

"நாம தூக்கிப் போட்டதையே சாயம் அடிச்சு நமக்கே வித்திருக்கான்..."

அத்தனை களைப்பிலும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தம்பி தப்பித்தான்! மாட்டியவன்மீது தவறில்லை, மாட்டிய பொருள்தான் மோசடி! ரிசீவரை எடுத்துக் காவல் நிலையத்தை அழைத்தார்.

"இன்ஸ்பெக்டர் சார்... என் தம்பி நிரபராதி. ஆதாரம் இருக்கு. அவனையும் கூட்டிட்டு வாங்க. அவன் காதுலயும் விழட்டும்."

பன்னிரண்டரைக்கு ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டருக்கு இரண்டு நாள் தூக்கம் பாக்கி. நாற்காலியில் சரிந்துகொண்டார். பின்னால் ஒரு காவலருடன் தம்பி. கையெழுத்தம்மா எழுந்துபோய் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"ஏன்க்கா கூப்பிட்டே? நான்தான் வேண்டாம்னேனே..."

"சும்மா இருடா. எப்பப் பாத்தாலும் பழியை நீயே இழுத்துப் போட்டுக்காத."

பிறகு இன்ஸ்பெக்டரிடம் ஒவ்வொன்றாக விளக்கினார். காலிக் கட்டம். தொண்ணூற்றெட்டு மதிப்பெண். சுரண்டிய கட்டை. போன எண்ணிக்கையும் வந்த எண்ணிக்கையும். இன்ஸ்பெக்டர் கொட்டாவியை நடுவிலேயே நிறுத்தி நிமிர்ந்தார்.

"பிரமாதம்மா! ஆனா ஒண்ணு கேக்கறேன். இந்தப் பழைய கட்டையை இங்கேருந்து வெளிய எடுத்துட்டுப் போறது யாரு?"

எவ்வளவு எளிய கேள்வி! முப்பத்தொரு வருட அனுபவம் அதைக் கேட்க மறந்திருந்தது.

"அது அந்தப் பதிவுலயே இருக்கும் சார். சல்லடை, கடைசிப் பத்தியைத் திற."

சல்லடை திறந்தான். பார்த்தான். திரையை மெல்ல அவர் பக்கமிருந்து திருப்பப் பார்த்தான்.

"மேடம்... சாப்பிட்டுட்டு வந்து பாக்கலாமே..."

"திருப்புப்பா."

பதினான்கு வரிகள். பதினான்கிலும் ஒரே பெயர்.

அந்தப் பெயரை, அவன் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் சூட்டியவரே அவர்தான்!

பெருமூச்சு தொண்டையைச் செருமினார்.

"மேலிடத்து உத்தரவுன்னு சொன்னேன்ல... அது நீங்கதாம்மா. 'அக்கா சொல்லிட்டாங்க, அவசரம்'னு தம்பிதான் வந்து பெட்டியைத் தூக்கிட்டுப் போவாரு. நீங்க சொன்னதுக்கு மேல எங்களுக்கு ஏதும்மா பேச்சு?"

கையெழுத்தம்மா தம்பியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"அந்தச் சப்ளையர் யாருடா?"

"மச்சான் பேர்ல இருக்கு... பாக்கறது நான்தான்."

"தேஞ்ச கட்டைன்னு தெரியும்ல? மெக்கானிக்தானே நீ?"

"பாதிதான்க்கா தேஞ்சிருந்தது... இன்னும் ஆறு மாசம் தாங்கும்னு நெனச்சேன்..."

"டாக்டர் ரெண்டு வாரம்தான்டா தாங்கினாரு."

தம்பி நிமிர்ந்தான். கண்களில் நீரைவிடக் கோபமே அதிகம் இருந்தது.

"எல்லாம் உன்னாலதான்! கவனக்குறைவுன்னு ஒத்துக்கிட்டிருந்தா சீக்கிரம் வெளிய வந்திருப்பேன்! கிளறாத, கிளறாதன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!"

"எனக்குக் கஷ்டம் வரக்கூடாதுன்னுதான் நீ சொல்றதா நெனச்சேன்டா..."

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் தயங்கினார்.

"அம்மா... இது இனி கவனக்குறைவு கேஸ் இல்ல. இந்தப் பதிவெல்லாம் நீங்க குடுத்தாத்தான் நிக்கும். யோசிச்சுச் சொல்லுங்க. நான் வெளிய நிக்கறேன்."

"அக்கா... குடுத்துடாதக்கா!"

தம்பியின் கோபம் சட்டென்று சிறுபிள்ளைக் குரலாக மாறியது. பள்ளியில் அடிவாங்கிவிட்டு வந்து அவர் முந்தானையில் முகம் புதைத்த அதே குரல்!

கையெழுத்தம்மா கண்களை மூடினார். முந்நூற்றுப் பன்னிரண்டு லிஃப்ட்டுகள்... ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ ஒருவரின் தம்பி...

கண்களைத் திறந்தார்.

"சல்லடை... பதினாலு மாசத்தையும் பிரிண்ட் எடுத்துச் சார்கிட்ட குடு. ஒரு வரி விடாம!"

அச்சு இயந்திரம் கரகரத்தது. காவலர் தம்பியின் தோளைத் தொட்டார். அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

தாள்கட்டை வாங்கிக்கொண்ட இன்ஸ்பெக்டர், ஏதேனும் ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று வாசலில் நின்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் ஒன்றே ஒன்றுதான்.

"மூணு மணி நேரத்துல ஆளைப் பிடிச்சுக் குடுத்துட்டீங்களேம்மா! இந்தச் சல்லடைத் தம்பியை எங்க ஸ்டேஷனுக்கு ஒரு மாசம் அனுப்பி வைங்களேன்!"

"தாராளமா அனுப்பறேன் சார்..."

கையெழுத்தம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"...ஆனா அதுக்கு முன்னாடி, உங்க வீட்டுல கூடப்பிறந்தவங்க யாரு யாருன்னு ஒருதடவை எண்ணிப் பாத்துக்கோங்க!"