முப்பத்தோராவது நொடி

எண்ணிக்கையில் ஒன்று கூடியிருந்தது.

துவைத்த துணி இரண்டு நாளாகியும் காயாத மழைக்கால மதியம். சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு ஈரக்கையோடு கணினியைத் திறந்தாள். பாட்டுகளை வெளியிடும் கம்பெனி அனுப்பிய பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று உண்மையாகக் கேட்டவர்கள், மற்றது போலி. ஐந்து நாளாகப் பூஜ்யமாகவே இருந்த போலிக் கட்டத்தில் இப்போது ஒன்று.

தப்பு அவளுடையதுதான், இல்லையென்று சொல்ல முடியாது. படுக்கையறைத் துணி அலமாரிதான் அவளுக்கு ஒலிப்பதிவுக் கூடம். தொங்கும் துணிகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே மைக்கை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்கப் பாடி, ஏழு வருஷத்தில் பதினொரு பாட்டு. கேட்கத்தான் ஆளில்லை. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைக்கும் தம்பி ஒரு நாள் வழி சொன்னான்.

"முப்பது நொடி ஓடினாலே ஒரு தடவை கேட்ட கணக்குக்கா. பழைய போன் மூணு சும்மாத்தானே கிடக்கு? சத்தத்தைச் சுத்தமாக் குறைச்சு அலமாரிக்குள்ள போட்டுடு, ஊமையா ஓடட்டும். எல்லாரும் இதைத்தான் பண்றாங்க."

மூன்று மாதம் ஓடியது. முப்பத்தோராவது நொடியில் நின்று, மறுபடி முதலிலிருந்து. அலமாரி இருட்டில், சத்தமே இல்லாமல், ஒரு நாளைக்கு எட்டாயிரம் தடவை.

கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பதினொன்றையும் நீக்கப்போவதாகக் கடிதம் வந்தது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கினாள். ஏழு நாள் ஒரு போலிக் கேட்பும் இல்லாமல் இருந்தால் பாட்டுகள் பிழைக்கும். உண்மையாகக் கேட்டவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் ஒரு நர்ஸ், வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது இவள் பாட்டைக் கேட்டுத்தான் அழுவதாக எழுதியிருந்தாள். அந்த ஒருத்திக்காகவாவது பாட்டுகள் இருக்கவேண்டும் என்று அவளுக்கு அத்தனை ஆசை. அன்றே மூன்று போனையும் அலமாரிக்குள்ளேயே விட்டு, பேட்டரிகளை மட்டும் கழற்றி அடுப்படி இழுப்பறையில் போட்டுவிட்டாள்.

இப்போது போய்த் திறந்து பார்த்தாள். மூன்று பேட்டரியும் அப்படியே இருந்தன.

லிஃப்ட் பழுது பார்க்கப் போயிருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, அந்தப் பழைய போனை எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்? ஆமா, உன் குரல் ஏன் இப்படிக் கம்மியிருக்கு?"

"மூணு நாளாவே அப்படித்தான். மழைக்குச் சளி பிடிச்சிருக்கு."

"காலையில நல்லாத்தானே இருந்துச்சு? நான் குளிக்கிறப்போ உள்ளே பாடிக்கிட்டு இருந்தியே. நீ அந்தளவு பாடி நான் கேட்டதே இல்ல."

காலையில் அவள் மொட்டைமாடியில் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டாள்.

கணினிக்குத் திரும்பினாள். போலி, நான்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து.

வெளியே மழை சன்னமாகப் பெய்தது, குழாய் ஒன்று சொட்டியது, ஈரத்துணியின் புளித்த வாடை கூடமெங்கும் பரவிக் கிடந்தது, அந்த வாடைக்கும் சொட்டுக்கும் அடியில், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கி, ஒரு பாட்டு. அவளுடைய பாட்டு. படுக்கையறையிலிருந்து.

நின்றது. மறுபடி முதலிலிருந்து.

போலி, ஆறு.

பயந்தால் பதினொரு பாட்டும் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள். படுக்கையறைக் கதவு திறந்தேதான் இருந்தது. அலமாரி சாத்தியிருந்தது. கட்டில்மேல் மூன்று போன்கள். வரிசையாக. அவள் வைக்கவில்லை. திரைகள் கறுப்பு.

பாட்டு அலமாரிக்குள்.

மைக்கில் பதிவான ஒலி இல்லை. வாத்தியம் இல்லை. வெறும் குரல்.

மனசுக்குள் எண்ணினாள். இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொன்று.

நிற்கவில்லை.

பாடிக்கொண்டே போனது. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. பிறகு, போன வாரம் பாத்திரம் தேய்க்கும்போது அவள் மனசுக்குள் மட்டும் போட்டுப் பார்த்த, யாரிடமும் பாடிக்காட்டாத மெட்டு. அவள் குரலில். அவளைவிடச் சுத்தமாக.

கை தானாகக் கணவனின் எண்ணை அழுத்தியது.

"சொல்லு," என்றான்.

வாயைத் திறந்தாள். காற்று வந்தது. காற்று மட்டும்.

"ஹலோ? என்னாச்சு?"

அலமாரிக்குள் பாட்டு நின்றது.

"ஒண்ணுமில்லங்க," என்றது உள்ளேயிருந்து அவள் குரல், போன் வரை எட்டும்படி. "சும்மாத்தான் கூப்பிட்டேன். நீங்க வேலையைப் பாருங்க."

"அட, தொண்டை சரியாயிடுச்சே," என்று சிரித்தான். வைத்துவிட்டான்.

ஓடத்தான் நினைத்தாள். கால் அசையவில்லை. உள்ளே பாட்டு மறுபடி தொடங்கியது. அலமாரிக் கதவின் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். அவள் உதடுகள் அதற்கேற்ப அசைந்துகொண்டிருந்தன. வார்த்தை வார்த்தையாக. சத்தமே இல்லாமல்.

முப்பத்தோராவது நொடியில் நின்றன.

மறுபடி முதலிலிருந்து.