பாதியாய் அறுத்த பெட்டி

அந்த அம்மாள் காலிங்பெல்லை அழுத்தவே இல்லை. செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு, யாராவது வந்து கேட்கட்டும் என்று வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். காய்கறி வாங்கக் கிளம்பிய மைத்ரேயிதான் பார்த்தாள்.

"ஏர்போர்ட்டுல கஸ்டம்ஸ்ல இருந்த ஐயா வீடு இதுதானாம்மா? இங்க பாத்திரம் தேய்க்கிற அன்னக்கொடி சொல்லிவிட்டா."

மைத்ரேயிக்கு அது போதும். மூன்று வருடமாக மதுரைக் கோர்ட்டில் வாய்தா வாங்குவதைத் தவிர உருப்படியாக ஒன்றும் செய்யாத வக்கீல் அவள். தாய்மாமா ஹாலாஸ்யமோ, சுங்க இலாகாவில் ரிட்டயர் ஆன பிறகும் மனுஷர்களைத் துருவிப் பார்க்கும் வழக்கத்தை விடாதவர். பழங்காநத்தத்தில் யாருக்கு என்ன மர்மம் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். கத்திரிக்காயாவது வெண்டைக்காயாவது! பையை ஆணியில் மாட்டிவிட்டு அந்த அம்மாளை உள்ளே கூட்டி வந்தாள்.

பெயர் ரெங்கம்மாள். நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் சொந்தத் தோட்டம். கணவர் விருமாண்டி நுரையீரலில் புற்று வந்து இறந்து இரண்டு வாரம் ஆகிறது.

"நாளைக்குக் கருமாதிங்கய்யா. நாளைக்கு நான் தலைக்கு ஊத்தும்போது, என் மூத்த மகன் சோலையையும் சேத்துத் தலைமுழுகிறணும்னு கொழுந்தனும் சொந்தக்காரங்களும் கூடிப் பேசிட்டாங்க. அப்பன் எழவுக்கே வராதவன் இனிமே மகனே இல்லையாம்." முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "எனக்கு என்னமோ அவன் வந்தான்னு தோணுது. பெத்த மகனைத் தண்ணியில கரைச்சு விட்டுட்டா அப்புறம் கூப்பிட முடியுமாய்யா?"

"எழவுக்கு ஏன் வரலை?" என்றார் ஹாலாஸ்யம்.

சோலையும் இளையவன் அழகுபாண்டியும் துபாயில் வேலை பார்க்கிறார்கள். விருமாண்டிக்கு வெளிநாட்டுச் சிகரெட் என்றால் உயிர். லீவுக்கு வரும் போதெல்லாம் மகன்கள் வாங்கி வருவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் கெடாவெட்டு அன்று, டாக்டர் சொல்லியும் அப்பா கேட்கவில்லையே என்ற கோபத்தில், அவ்வளவு சொந்தபந்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சோலை அந்தப் பாக்கெட்டுகளைப் பிடுங்கிக் கிணற்றில் வீசிவிட்டான். "என் எழவுக்குக்கூட நீ வரக்கூடாதுடா!" என்று கத்தினார் விருமாண்டி. அன்றோடு சரி. போன்கூட இல்லை.

"எங்க தோட்டத்து மூலையிலதான் அவரைப் புதைச்சோம். மறுநாள் பால் ஊத்தப் போனப்ப மேட்டு மேல அஞ்சு சிகரெட் பாக்கெட், பாதி அட்டைப்பெட்டியோட இருந்துச்சாம். தெனம் காலையில ஒண்ணு பத்தி எரிஞ்சு கிடக்குதாம். அழகுபாண்டியைக் கேட்டா, நான்தான் வச்சேங்குறான். ஆனா என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறான்யா. அவன் சூட்கேஸ்லயும் அஞ்சு பாக்கெட்டு கிடக்கு."

"ஆக மொத்தம் பத்தா?" ஹாலாஸ்யம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அழகுபாண்டி எப்படி? கொஞ்சம் துணிச்சலான ஆளா?"

"அவனா! பஸ்ல டிக்கெட்டக் கையிலயே வச்சிருந்துட்டு, செக்கிங் ஏறுனா வேர்த்துக் கொட்டுறவன்."

"மைத்ரேயி, காரை எடு."

முந்தின நாள் இரவு நல்ல மழை. தோட்டத்து வரப்பெல்லாம் வழுக்கியது. பதினாறு முடியாமல் அங்கே வரக்கூடாது என்று ரெங்கம்மாள் வீட்டிலேயே நின்றுகொண்டாள். புதைமேட்டில் பழைய சிகரெட் துண்டுகள் ஊறிக் கூழாகிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே மண்ணில் செருகியிருந்த ஒன்று மட்டும் காய்ந்து, சாம்பல்கூட உதிராமல் இருந்தது. ஹாலாஸ்யம் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த மோட்டார் ரூமைக் காட்டிக் கேட்டார்.

"உங்க அண்ணா எங்கே சிகரெட் குடிப்பார்?"

கூட வந்த கொழுந்தன் சொன்னார்: "இங்கனதான். அந்தச் சண்டைக்கப்புறம் வீட்டுல பத்த வைக்கிறதில்ல. அழகு கொண்டாந்து குடுக்குறத டிரங்குப் பொட்டியில வச்சுப் பூட்டிக்குவாரு. சாவி எப்பவும் அரணாக்கயித்துலதான்."

மைத்ரேயி உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவர் மாடத்தில் சாம்பல் தட்டும் டப்பா ஒன்று. அதன் வாயை மூடிச் சிலந்தி வலை கட்டியிருந்தது. தீப்பெட்டி சுவரோடு ஒட்டிப்போய், எடுத்ததும் பிய்ந்து வந்தது. அவள் சொன்னதும் ஹாலாஸ்யம் "ம்" என்றார். இந்த "ம்" வந்துவிட்டால் மாமா வேறெங்கோ போய்விட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அழகுபாண்டி தாடியும் சிவந்த கண்ணுமாகச் சுவரில் சாய்ந்திருந்தான். ஹாலாஸ்யம் இரண்டு அட்டைத் துண்டுகளை வாங்கிச் சேர்த்து வைத்தார். ஒன்று பால் ஊற்றிய அன்றே மேட்டிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்தது, இன்னொன்று சூட்கேசில் இருந்தது. பிளேடு போட்ட விளிம்பு இம்மி பிசகாமல் பொருந்தியது.

"இது ஒரே பெட்டி தம்பி. இருநூறு சிகரெட். வெளிநாட்டிலிருந்து வர்ற ஒருத்தர் தீர்வை கட்டாம நூறுதான் கொண்டு வரலாம். அதாவது அஞ்சு பாக்கெட். தாண்டினா சிகரெட் விலையைவிடத் தீர்வை ஜாஸ்தி. இத்தனை வருஷம் நீங்க எத்தனை பாக்கெட் கொண்டு வந்தேள்?"

"அஞ்சுதான் சார்."

"இந்தத் தடவை மட்டும் பத்தா?"

அழகுபாண்டி அம்மாவைப் பார்க்காமல் சொன்னான்: "கூட வந்தவர் ஒருத்தர்கிட்ட பாதியைக் குடுத்து விட்டேன்."

"அதானே மாமா, எல்லாரும் பண்றதுதானே!" என்று மைத்ரேயி குறுக்கே விழுந்தாள். "ஒரு பெட்டியை வாங்கி ரெண்டா அறுத்து, பக்கத்து சீட்டுக்காரர் கையில பாதி. வெளியே வந்ததும் திருப்பி வாங்கிக்கலாம்."

"பண்றதுதான். ஆயிரம் பேரைப் பார்த்திருக்கேன். ஆனா வெளியூர்க்காரர் ஏர்போர்ட் வாசல்லேயே திருப்பிக் கொடுத்துட்டுப் போயிடுவார். அவருக்கு இந்தத் தோட்டம் எதுக்கு? நேத்து ராத்திரி மழை. மேட்டு மேல ஒரு சிகரெட் மட்டும் நனையலை. இன்னிக்கு விடிஞ்சப்புறம் யாரோ வச்சிருக்கா. அம்மா, காலைல அழகுபாண்டி வெளியே போனானா?"

"இல்லைங்கய்யா. என் காலடியிலதான் படுத்துக் கிடந்தான். நான்தான் எழுப்பிக் காபி குடுத்தேன்."

"அப்ப அந்தப் பாதியைச் சுமந்தவர் இவரோட அதே பிளேன்ல வந்தவர், இன்னும் மதுரையை விட்டுப் போகாதவர், விருமாண்டிக்குத் தெனமும் ஒண்ணு பத்த வைக்கணும்னு தவிக்கிறவர். அவர் பேரை நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றேளா?"

அழகுபாண்டி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

"அண்ணன்தான்யா. டூட்டி ஃப்ரீ கடையில நின்னுக்கிட்டு, உசுரோட இருக்கையில கிணத்துல போட்டேன், இப்பவாச்சும் குடுக்கணும்னு சின்னப் புள்ளை மாதிரி அழுதுச்சு. ஒரு பெட்டி வாங்கி ரெண்டா அறுத்துக்கிட்டோம். அப்பா சொன்ன வாக்கு இருக்கே, எழவு வீட்டுல ரகளை வேணாம்னு நான்தான் தள்ளி நிக்கச் சொன்னேன். ஹெல்மெட்டக்கூடக் கழட்டாம ரோட்டுலயே நின்னு பாத்துட்டுப் போச்சு. திருப்பரங்குன்றத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்கு."

"அடப்பாவி! பெத்தவகிட்ட சொல்ல வேணாமாடா?" ரெங்கம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"எப்படிம்மா சொல்வேன்? வேணாம்னவன் அண்ணன். லீவுக்கு லீவு வாங்கிட்டு வந்து குடுத்து, அவரைச் சாக அடிச்சவன் நான். ஊரே என்னைய நல்ல மகன்னுது. என் கையாலதானம்மா போயிட்டாரு!"

மைத்ரேயிக்குத் துப்புத் துலங்கிய சந்தோஷம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"அம்மா, டிரங்குப் பெட்டிச் சாவி இருக்கா?" என்றார் ஹாலாஸ்யம் மெதுவாக.

"அரணாக்கயித்துலேர்ந்து அவுத்து வச்சிருக்கேன். கருமாதி முடிஞ்சுதான் தொறக்கணும்பாங்க."

"இன்னிக்கே தொறந்துடுங்கோ. இந்தப் பிள்ளை அதுவரைக்கும் தாங்க மாட்டான்."

பூட்டு துருவோடு முனகித் திறந்தது. மேலே இரண்டு வேட்டி. அவற்றுக்கு அடியில், அழகுபாண்டி லீவுக்கு லீவு கொண்டுவந்த அத்தனை பாக்கெட்டும் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒன்றில்கூட மேல்காகிதம் பிரிக்கப்படவில்லை.

"மோட்டார் ரூம்ல சாம்பல் டப்பா மேல சிலந்தி குடியிருந்தது," என்றார் ஹாலாஸ்யம். "பெரிய பிள்ளை கிணத்துல வீசினாரே, அதுக்கப்புறம் இவர் தொடவே இல்லை. நோவு அதுக்கு முன்னாடியே உள்ளே ஊறியிருக்கணும். நீ சாக அடிக்கலைப்பா. நீ ஆசையாக் கொண்டு வந்ததை வேண்டாம்னு சொல்ல மனசு வரலை, அவ்வளவுதான். அண்ணன் சொன்னதைக் கேட்டுண்டேன்னு ஒத்துக்க வீம்பு விடலை."

அழகுபாண்டி டிரங்குப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கொழுந்தன் மட்டும் முனகினார்: "இருந்தாலும் மதினி, அண்ணன் சொன்ன வாக்கு…"

"அவரு வாக்கு இந்தா இருக்கு, நல்லாப் பாருங்க!" ரெங்கம்மாள் பெட்டியைக் காட்டினாள். "டேய் அழகு, போனைப் போடு உங்கண்ணனுக்கு."

பொழுது சாய்கிற நேரத்தில் சோலை வந்தான். வாசப்படியில் கால் வைக்கத் தயங்கி நின்றவனை ரெங்கம்மாள் கையைப் பிடித்து இழுத்து, பெட்டியின் முன்னால் நிறுத்தினாள். அவன் ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். புரிய நேரமாயிற்று.

"விட்டுட்டாராம்மா?"

"நீ வீசுன அன்னைக்கே விட்டுட்டாருப்பா."

"ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஓடி வந்திருப்பேனே! மூஞ்சியப் பாத்திருப்பேனே!"

"நீ ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கக் கூடாதாடா?"

அவன் பெட்டியின் மேலேயே கவிழ்ந்து அழுதான். மூன்று வருடத்து அழுகை அது, அடக்க ஆள் இல்லை. மைத்ரேயி வாசலுக்குப் போய்ப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் கருமாதிக்கு ஹாலாஸ்யமும் மைத்ரேயியும் போனார்கள். அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டார்கள். ரெங்கம்மாள் தலைக்கு ஊற்றிக்கொண்டாள், கணவருக்காக மட்டும். பிறகு போட்டோவுக்கு முன்னால் இலை விரித்து, விருமாண்டிக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தார்கள். கொழுந்தன் ஒரு பாக்கெட்டைப் பிரித்துச் சிகரெட்டை உருவி, இலை ஓரமாக வைக்கப் போனார்.

ரெங்கம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. அந்த மனுசன் விட்டுட்டாரு."