சொன்ன இடத்தில் இறங்குபவன்

கடைசிப் பயணி உள்ளே வந்த பிறகும் கண்ணாடிக் கதவு மூடவில்லை. இன்னும் ஒரு ஆள் நடந்து வரும் நேரம் திறந்தபடியே நின்று, வெளித்தளத்தின் வெக்கையையும் விமான எண்ணெய் வாடையையும் உள்ளே விட்டு, அப்புறம்தான் மெதுவாக மூடிக்கொண்டது. ஸகேலே அதைப் பார்த்தான். பழுது என்று எழுதிவைக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட். தலைநகர் உம்பபானேவுக்கென்று வெகு தொலைவில், கரும்புக் காடுகளைத் தாண்டிக் கட்டிய அந்தப் பெரிய விமான நிலையத்துக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பகலில் இரண்டு விமானம்தான். மற்ற நேரமெல்லாம் குளிர்சாதனத்தின் முனகல், தரை துடைக்கும் மருந்தின் நெடி, காலி மண்டபத்தில் தன் காலடிச் சத்தமே திரும்பி வருவது. வீட்டில் பிறந்து பதினோரு நாளான மகள் இருந்தாள். இரண்டே முறைதான் அவளைத் தூக்கியிருந்தான்.

கடைசியாக வந்தவர் போர்வை போர்த்திய நடுவயதுக்காரர். பாஸ்போர்ட்டில் மகாகுலா என்றிருந்தது. கையில் இலை வாடாத முள்கிளை ஒன்று. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு முள். ஒன்று நேராக, ஒன்று பின்னோக்கி வளைந்து. ஸகேலேவுக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பக்கத்து வழக்கப்படி, வெளியூரில் செத்தவனின் ஆவியை அந்தக் கிளையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துவருகிறார். வழியில் வேறு யாரோடும் பேசமாட்டார். எங்கே போகிறோம், எங்கே இறங்குகிறோம் என்று கிளையிடம் மட்டும் சொல்வார். சொன்ன இடத்தில்தான் அவன் இறங்குவான். டிக்கெட்கூட இரண்டு எடுத்திருந்தார்.

ஆனால் பச்சைக் கிளை எதுவும் நாட்டுக்குள் வரக் கூடாது. அதைத் தடுப்பதுதான் ஸகேலேவின் வேலை. போன மாதம் ஒரு கூடை மாம்பழத்தை விட்டதற்கே எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது.

"முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்கலாம்லண்ணே? இப்ப நான் என்ன செய்ய?"

அவர் கிளையை இன்னும் இறுகப் பிடித்தார். ஸகேலே கிளையைப் பிடித்து இழுத்தான். அப்போதுதான் அவர் வாய் திறந்தார்.

"நாலு நாளா யார்கிட்டயும் பேசாம என் தம்பியக் கூட்டிட்டு வந்தேன். இப்ப அவன் உன் கையில இருக்கான். பாத்து. கண்டதையும் பேசிராத."

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.

பக்கத்து மேசையில் நொன்டோ சிரித்தாள். "புள்ளையத் தூக்கி வெச்சுக்க ஆளில்லன்னு புலம்புனியே, கெடச்சிட்டான் பாரு!"

"சும்மா இரு நொன்டோ."

"எங்க சர்ச்சுல இதையெல்லாம் நம்பமாட்டோம்ப்பா."

பின்கட்டில் எரி உலை இருந்தது. கிளையைப் போடப்போனான், வளைந்த முள் சட்டைக் கையில் மாட்டியது. எடுத்துவிட்டான். மறுபடி மாட்டியது. மூன்றாம் முறை, கண் செருக, அடம்பிடிக்கும் பிள்ளையிடம் சொல்வதுபோல முணுமுணுத்தான். "சரி, சரி. வா, வீட்டுக்குப் போலாம்."

முள் தானாக விட்டது.

கிளை எரிந்து முடிந்த பிறகுதான் சொன்னது உறைத்தது.

ஷிஃப்ட் முடிந்து காரைக் கிளப்பியதும் சீட் பெல்ட் மணி அடித்தது. தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தான். மாட்டித்தான் இருந்தது. மணி பக்கத்து இருக்கைக்கு. காலி இருக்கை. அப்புறம் கிளிக் என்றொரு சத்தம். மணி நின்றது. பெல்ட் இழுபட்டு, வெறும் காற்றை நெஞ்சோடு அணைத்து மாட்டியிருந்தது.

"இங்க எறங்கிக்க," என்றான். மறுபடி சொன்னான்.

பெல்ட் தளரவில்லை. முதலில் சொன்ன இடம் இதில்லை.

மகாகுலாவின் பஸ் முன்னால்தான் போயிருக்கும். எட்டிப்பிடித்தால் ஒப்படைத்துவிடலாம். ஆனால் இருப்பது ஒரே சாலை. அவன் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு போகும் சாலை. அங்கே நிறுத்தக் கூடாது. நிறுத்தவே கூடாது. இரண்டு பக்கமும் கரும்பு. வெயில். புகை வாடை. பக்கத்தில் மூச்சு. பஸ் கண்ணில் படவில்லை.

வீடு தெரிந்தது.

மனைவி பின்டிலே குழந்தையோடு வாசலில் நின்றாள். காரைப் பார்த்துக் கையசைத்தாள்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். வீடு பின்னால் போனது.

கிளிக்.

பெல்ட் மெதுவாகச் சுருண்டு உள்ளே போனது.

கண்ணாடியில் பார்த்தான். பின்டிலே வழிவிட்டு ஒதுங்கினாள். சிரித்தாள். ஸகேலேவைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பு. குழந்தையை நீட்டினாள்.

அவளுடைய இரண்டு கைகளும் கீழே இறங்கின.

குழந்தை இறங்கவில்லை.