கண்ணில் வைத்த சந்தனம்

"அய்யோஓஓ...!"

திருப்பூர் அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் எழுந்த அந்த அலறல், தையல் மெஷின்களின் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு வந்தது.

2009. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை.

ஓடி வந்தவர்கள் உறைந்து நின்றார்கள். கட்டிங் வேஸ்ட் துணியை அழுத்திக் கட்டும் ப்ரஸ்ஸின் இரும்புத் தட்டுக்கு அடியில்... ராக்கையா! மெஷினை ஓட்டுகிறவன். தலையும் தோளும் உள்ளே. உயிர் இல்லை.

கொஞ்ச நேரத்தில் இளங்கோ இழுத்து வரப்பட்டான். அந்த ப்ரஸ்ஸுக்கு சென்சார் மாட்டியவன் அவன்தான். துணி தள்ளக் குனிகிறவனின் கையோ தலையோ கிட்டே வந்தால் மெஷின் நிற்க வேண்டும்.

நின்றதா? இல்லை!

"உன் மெஷினு ஒரு ஆளைத் தின்னுருச்சேய்யா!" இன்ஸ்பெக்டர் அழகுமலை உறுமினார்.

"என் டிரைவர் சரியாத்தானுங்க இருந்துச்சு..."

"டிரைவரா? அவன் எங்க ஓடிட்டான்?"

"ஆளு இல்லீங்க சார். சென்சார் பார்க்கறதை மெஷினுக்குச் சொல்ற புரோகிராம்."

கம்பெனி ஓனர் சிவராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "நல்ல பையன்னு நம்பி வேலை குடுத்தனுங்க சார். இப்படிப் பண்ணிப்போட்டானே!"

ராக்கையாவின் மனைவி சின்னத்தாய் மண்ணை வாரித் தூற்றினாள். "படிச்ச பாவி! எம் புருசன உசுரோட குடுடா!"

இளங்கோ ப்ரஸ்ஸைப் பார்த்தான். நான்தான் கொன்றேனா? அது தெரியாமல் இனி ஒரு வாய் சோறு இறங்காது.

"ஒரே ஒரு தடவை சென்சாரோட கார்டைப் பார்த்துக்கறனுங்க சார்... அப்புறம் விலங்கு போடுங்க."

லேப்டாப்பை இணைத்தான். எண்கள் ஓடின. அவன் முகம் மாறியது.

"சார்! காலைல சுவிட்ச் போட்டப்போ சென்சாருக்கு வெளிச்சமே தெரியலீங்க! மேலே டியூப் லைட் எரியுது... அதுக்கு மட்டும் இருட்டு!"

"அதனால?"

"அது கண்ணை எதுவோ மூடியிருக்குதுங்க. சுவிட்ச் போட்ட உடனே முன்னால என்ன தெரியுதோ, அதையே காலி இடம்னு இந்த டிரைவர் நெனச்சுக்கும். அதைவிடக் கிட்ட எதாச்சும் வந்தாத்தான் மெஷினை நிறுத்தும். கண்ணு மேலயே ஒட்டியிருந்தா, அதைவிடக் கிட்ட என்னங்க வர முடியும்? அப்புறம் துடைச்சாலும் அன்னைக்குப் பூரா குருடுதானுங்க!"

அழகுமலை குனிந்தார். சென்சாரின் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு தீற்றல். விரலால் தொட்டு முகர்ந்தார்.

சந்தனம்!

ப்ரஸ் முழுக்கவே சந்தனமும் குங்குமமும்தான். பூஜைக்குப் பொட்டு வைக்காத மெஷின் திருப்பூரில் ஏது? கண்ணாடி மேல் ஒரு பொட்டு இருந்தால் எவன் சந்தேகப்படப் போகிறான்!

"பூஜைல தெரியாம வச்சிருப்பாங்க சார்... விபத்துங்க." சிவராஜின் குரல் குழைந்தது.

"விபத்தா? அப்ப இந்த ஒரு பொட்டை மட்டும் துடைச்சது யாரு?" அழகுமலை இளங்கோவின் பக்கம் திரும்பினார். "இந்த வித்தை தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானேய்யா?"

இளங்கோ லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தான். தன் வாயாலேயே தனக்குக் கயிறு திரித்துவிட்டான்!

"ஓனருக்கும் தெரியுங்க! மாட்டறப்பவே சொன்னேன்... சுவிட்ச் போடறப்போ கண்ணுக்கு முன்னால எதும் இருக்கப்படாதுன்னு."

"பொய்யிங்க சார்! எனக்குப் பனியன் தெரியும். இந்தக் கருமாந்திரமெல்லாம் என்ன தெரியும்? ராக்கையாவை நான் எதுக்குங்க கொல்லோணும்?"

"எதுக்கா?" சின்னத்தாய் எழுந்து நின்றாள். "உங்க சாயப்பட்டறைத் தண்ணிய ராவோட ராவா ஆத்துல விடுறத ஆபீசருகிட்டச் சொல்லப்போறேன்னு உங்க முகத்துக்கு நேராச் சொல்லிட்டு வந்தாரே எம் மனுசன்!"

சிவராஜ் கையை வீசினார். "வாய்க்கு வந்ததைப் பேசறா சார். ஆதாரம் இருக்குதாங்க?"

இளங்கோவின் விரல்கள் கீபோர்டில் பறந்தன.

"சார்... நேத்து மத்தியானம் இந்த ப்ரஸ்ஸை யாரோ போட்டிருக்காங்க!"

கூட்டம் திகைத்தது. ஆயுத பூஜை அன்றைக்கா? பூஜையில் வைத்த கத்தரிக்கோலைக்கூட அன்று எவரும் தொட மாட்டார்களே!

"எப்ப எப்ப சுவிட்ச் போட்டாங்கன்னு கார்டு பதிஞ்சு வைக்குமுங்க. நேத்து மூணு தடவை. எண்ணைப் பார்த்தா, மொதல்ல கறுப்பா எதையோ கண்ணு மேல ஒட்டியிருக்காங்க... பலிக்கலை. அப்புறம் வெளுப்பா ஒண்ணு... அதுவும் பத்தலை. மூணாவது... முழுக் குருடு! இன்னைக்குக் காலைல பதிஞ்ச அதே எண்ணுங்க!"

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

சூப்பர்வைசர் மயிலாத்தாள் தயங்கி முன்னால் வந்தாள். "பூஜை முடிஞ்சு நாங்கெல்லாம் ஊட்டுக்குப் போயிட்டமுங்க. சாவிக் கொத்து... ஓனருகிட்டத்தானுங்க."

சிவராஜ் வாசலைப் பார்த்துப் பாய்ந்தார். அழகுமலையின் கை அதைவிட வேகமாகப் பாய்ந்து, அவர் சட்டைக் காலரைப் பற்றியது.

இளங்கோ லேப்டாப்பை மூடினான். தப்பித்த சந்தோஷம் துளிகூட வரவில்லை. கண்ணை மூடியிருந்தால் மெஷின் கிளம்பவே கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் ராக்கையா பிழைத்திருப்பான். அந்த ஒரு வரியை அவன் எழுதவில்லை. சின்னத்தாயின் முகத்தை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அது சரி..." சிவராஜுக்கு விலங்கை மாட்டிக்கொண்டே அழகுமலை கேட்டார். "கொல்லப் போறவன் எதுக்குய்யா முந்தின நாளே மூணு தடவை போட்டுப் பார்க்கணும்?"

இளங்கோ கசப்பாகச் சிரித்தான்.

"பனியன் கம்பெனிக்காரருங்க சார்... சாம்பிள் ஓகே ஆவாம ப்ரொடக்‌ஷன்ல கை வைக்க மாட்டாருங்க!"