வயர் பிடிக்கிற ஆள்

பழுதான எந்திரம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, பழுது பார்க்கத் தெரியாத மனிதன்தான் உண்டு என்பதை வெள்ளத்துரை தன் முப்பத்தெட்டாவது வயதுக்குள் கண்டுபிடித்து முடித்திருந்தான். பிளக், வயர், சுவிட்ச், கார்பன், பேரிங். ஐந்தே காரணம். தூத்துக்குடியில் அவன் கடைக்கு வந்து போன அத்தனை டிரில்லும் இந்த ஐந்துக்குள் அடங்கின. அடங்காமல் மிஞ்சுவது பேயாக இருக்கலாமே என்று யாராவது கேட்டால், பேய்க்கும் ஒரு பேரிங் இருக்கும், கழற்றிப் பார்த்துவிடலாம் என்பான். சிரிக்காமல் சொல்வான்.

ஆகவே அன்று காலை பதினோரு மணிக்கு, துறைமுகத்தில் கட்டிக் கிடந்த பார்ஜ் என்கிற சரக்குப் படகின் அடிவயிற்றில் குத்தவைத்து அவன் விசையை அழுத்தியபோது டிரில் மூச்சே விடாததில் அவனுக்குப் பயம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் சந்தோஷம்கூட.

அது கடல்நீர் நிரப்புகிற டேங்க். வரிசையாக மூன்று இரும்பு அறைகள். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குத் தவழ்ந்து போக ஒரு துவாரம். முதல் அறையில் ஏணி, ஏணிக்கு மேலே ஆள் இறங்கும் வாய். வெள்ளத்துரை இருந்தது மூன்றாவதில். தலை விளக்கு காட்டிய வட்டத்துக்குள் துருவும், காய்ந்த சிப்பிகளும், போன வருஷத்து உப்புநீரின் நாற்றமும் இருந்தன. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது என்பதை இங்கே நம்ப முடியாது.

இறங்கும்போதே, மேலே நின்று வயர் பிடிக்கும் உதவியாள் இனிகோவோடு வம்பு. இனிகோவின் அப்பாவும் தாத்தாவும் சங்கு குளித்தவர்கள். முங்குகிறவனின் கயிற்றை மேலே மச்சான்தான் பிடிப்பான். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறதல்லவா. அந்த வழக்கம் படகிலிருந்து டேங்குக்கு வந்து, கயிறு டிரில் வயராகிவிட்டது. ஒரு இழுப்பு என்றால் நலமா. பதிலுக்கு ஒரு இழுப்பு என்றால் நலம். பதில் வராவிட்டால் பிடித்திருப்பவன் தானே உள்ளே இறங்கி வர வேண்டும்.

"ஏலே இனிகோ, நீ என்ன எம் பொண்டாட்டிக்கு அண்ணனா? வயர விடுலே."

"அப்படிச் சொல்லாதிய அண்ணாச்சி. வயரப் பிடிக்க ஆளில்லன்னா உள்ள ஆளில்லன்னு அர்த்தம். மூடியப் போட்டுருவானுவ."

"இழுத்து இழுத்துச் சொகம் விசாரிக்க நான் என்ன பிள்ள பெத்துக் கெடக்கேனா? போயி டீயக் குடி. எனக்கு ரெண்டு வடை வாங்கிட்டு வா."

இனிகோ சிலுவை போட்டுக்கொண்டே போனான்.

முதல் துளை நன்றாகவே இறங்கியது. அடுத்த துளைக்கு அளந்து, சாக்கட்டியால் கோடு போட்டு, நிதானமாக டிரில்லின் பிட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது மேலே யாரோ எதையோ கூப்பிட்டுக் கேட்டார்கள். கூப்பிட்டவனுக்கு வேலை இல்லை போலிருக்கிறது என்று வெள்ளத்துரை பதில் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் டிரில் செத்தது.

சுவிட்சை ஐந்தாறு முறை தட்டினான். சுற்றை முன்பின் மாற்றும் நெம்புகோல் நடுவில் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தான். சரியாக இருந்தது. கார்பன் மூடியைத் திருகி, உள்ளே தேய்கிற கட்டையை எடுத்து விளக்கில் பிடித்தான், பாதிக்குமேல் இருந்தது. அப்போது தலைக்கு மேல் எங்கோ நட்டு முறுக்கும் இம்பாக்ட் ரெஞ்ச் ஓடத் தொடங்கியது. டகடகடக. இரும்பு முழுக்க அதிர்ந்தது. வெள்ளத்துரை தலையைச் சாய்த்துக் கேட்டு, அதன் வியாதியையும் சொன்னான்: அடி விழுது, திருப்பம் இல்லை, உள்ளே சுத்தியல் தேஞ்சு போச்சு. ஒரு நட்டுக்கு இவ்வளவு நேரமா. அடுத்த நட்டு. அதற்கடுத்தது. வட்டமாகச் சுற்றி வந்து ஒரு வழியாக நின்றது.

மிச்சம் வயர். டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே எங்காவது அறுந்திருக்கிறதா என்று விரல்களால் அழுத்திக்கொண்டே தவழ்ந்தான். இரண்டாவது அறை. துவாரத்தைத் தாண்டி முதல் அறை.

வெளிச்சம் இல்லை.

ஏணி இருந்தது. மேலே வானம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு மூடி. ஏணியடியில் வயரின் சுருள், அதன் நுனியில் பிளக். யாரோ பிடுங்கி, வாய்க்குள் வீசி, மூடியைப் போட்டிருக்கிறார்கள்.

அவன் கேட்டு ரசித்த நட்டுகள்.

ஏறிக் கத்தினான். முஷ்டியால் குத்தினான். இரும்பு அவன் குரலை அவனிடமே திருப்பிக் கொடுத்தது. இனிகோ வடையோடு வருவான். வாய் மூடிக் கிடக்கும், வயர் இருக்காது. அண்ணாச்சி ஏறிப் போயாச்சு என்று அவனும் போய்விடுவான். அடுத்து இதை எப்போது திறப்பார்கள்? ஆறு மாசமோ, வருஷமோ. மூடியில் ஓங்கி அடிக்க டிரில்தான் வேண்டும். அது மூன்றாவது அறையில்.

இறங்கினான். பிளக்கைக் கையில் எடுத்தான்.

மூன்றாவது அறையில் டிரில் ஓடியது.

முழு வேகத்தில். இரும்பைத் தின்கிற சத்தம். அவன் சாக்கட்டியால் கோடு போட்ட இடத்தில்தான் என்று ஏனோ தெரிந்தது. கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான். மூன்று பித்தளைக் கால்கள். காற்றில்.

சத்தம் நின்றது. சூடான இரும்புத்தூள் வாசனை, துவாரங்கள் வழியாக, மெதுவாக வந்து சேர்ந்தது.

ஐந்தில் எது? யோசித்தான். பிளக். வயர். பிளக்.

தலை விளக்கு மங்கியது.

கையிலிருந்த வயர் ஒருமுறை இழுபட்டது.

மெல்ல. பழகிய கை இழுப்பது மாதிரி.

அவன் அசையவில்லை.

மறுபடியும். ஒருமுறை. இந்தத் தடவை கொஞ்சம் கவலையோடு.

பிறகு ஒன்றுமில்லை. பிறகு, இரண்டாவது அறையில், ஈரமாக ஏதோ ஒன்று தரையில் ஊன்றப்பட்டது. இன்னொன்று.

பதில் வராவிட்டால் பிடித்திருப்பவன் வருவான்.

வெள்ளத்துரை வயரை விரலில் சுற்றினான். சத்தமில்லாமல், மரியாதையாக, ஒருமுறை இழுத்தான். நலம்.

ஊன்றும் சத்தம் நின்றது.

விளக்கு அணைந்தது. இருட்டில் மீண்டும் ஒரு விசாரிப்பு. அவன் பதில் சொன்னான். மீண்டும். சொன்னான். ஒவ்வொரு பதிலுக்கும் வயர் கொஞ்சம் தளர்ந்தது. அவன் பாதங்களின் மேல் வளையம் வளையமாக வந்து விழுந்தது. நனைந்திருந்தது.

அடுத்த இழுப்பு ஒரு முழத் தூரத்திலிருந்து வந்தது.

வெள்ளத்துரை பதில் சொன்னான்.