நேர்ந்துவிட்ட கை

சுடச்சுடச் சோற்றில் கைவைத்துப் பிசைந்தாள் பிரவீனா. சுடவில்லை. சோற்றின் குழைவும் தெரியவில்லை. விரலுக்குச் சொரசொரவென்று துணிதான் தட்டுப்பட்டது.

சென்னையில் நரம்பியல் பட்டப்படிப்பு, இரண்டாம் ஆண்டு. லீவு முடிவதற்குள் ஒரு பிராக்டிகல் முடித்தாக வேண்டும். சொந்தக் கையை மறைத்துவிட்டு, கண்ணெதிரே ஒரு பொம்மைக் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் பிரஷ்ஷால் வருடினால் போதும்; இரண்டே நிமிடத்தில் மூளை பொம்மைக் கையைத் தன்னுடையது என்று நம்பிவிடும். மூளை அவ்வளவு ஏமாளி. லீவுக்கு வந்திருந்த சொந்த ஊர் ஐயம்பேட்டையில் பொம்மைக் கைக்கு எங்கே போவது? சாமி அலமாரியில் ஒரு கை இருந்தது. ஷேர் ஆட்டோ கவிழ்ந்து மணிக்கட்டு முறிந்த அப்பாவுக்காக அம்மா நேர்ந்துகொண்டு வாங்கிய வெள்ளித் தகட்டுக் கை. நேர்ந்ததை மற்றவர் தொடக்கூடாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? படிப்புக்குத்தானே என்று எடுத்துவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டு ஏஞ்சல்தான் பட்டுப்புடவைப் பெட்டியை மறைப்பாக நிறுத்தி இரண்டு கைகளையும் வருடினாள். "இன்னாடி, தகட்டத் தொட்டா உனக்குச் சிலுக்குது!" என்று சிரித்தாள்.

இன்று காலை அம்மா அந்தக் கையை மஞ்சள் துணியில் சுற்றிக் கோயிலுக்கு எடுத்துப் போய்விட்டாள். அப்பாவும் கூடப் போயிருந்தார்.

சொந்தக் கையை உற்றுப் பார்த்தால் மயக்கம் தெளிந்துவிடும் என்று பாடத்தில் இருந்தது. தட்டை நகர்த்திவிட்டுப் பார்த்தாள். ஆறிக்கொண்டிருக்கும் ரசத்தின் மிளகு வாசனையும், எதிர்வீட்டுத் தறி தடக் தடக்கென்று அடிப்பதும், ஜன்னல் கம்பி நிழல் மேசைமேல் ஊர்வதும் எல்லாம் தெரிந்தன; கண்ணெதிரே இருந்த கை மட்டும் தன்னுடையதாகத் தெரியவில்லை.

விரல்கள் மடங்கின.

அவள் மடக்கவில்லை. இடக்கையால் பிரித்துப் பார்த்தாள். அசையவில்லை. போன் அடித்தது. அம்மா.

"போட்டாச்சு பிரவீ. உண்டியல் வாய் சின்னதா இருந்துதும்மா, வெரல மடக்கித்தான் உள்ள தள்ளினேன்."

"அம்மா, அத வெளிய எடும்மா! என் கை... என் கைம்மா அது!"

"இன்னாடி உளர்ற? சாமிக்குப் போட்டத எடுப்பாங்களா? ஆடி முடிஞ்சாத்தான் தொறப்பாங்க. பஸ் வந்துட்டுது, வெச்சிர்றேன்."

இரும்பின் சில்லிப்பு. புழுக்கம். புறங்கையில் ஒரு காசு விழுந்தது. இன்னொன்று. அடியில் கூரான தகடுகள். யார் யாரோ நேர்ந்து போட்ட கால்கள், கண்கள்.

அவற்றில் ஒன்று நகர்ந்தது.

தகடு இல்லை. ஈரமாக இருந்தது. மெல்லத் தடவிக்கொண்டு வந்தது. நகம் இருந்தது.

மேசைமேல், அவள் கண்ணெதிரே, மூடியிருந்த கை திறந்தது. ஒவ்வொரு விரலாக. விரலிடுக்குகள் விரிந்தன. புறங்கைத் தோலில் பள்ளங்கள் விழுந்தன.

ஐந்து பள்ளங்கள். மேசையில் வேறு கை எதுவும் இல்லை.

பிடி இறுகியது.